ஏழு செடி

நாற்று நட்டு அன்றோடு எண்பத்து நான்கு நாள். தோட்டத்து முகப்பில் நின்ற போர்டிலேயே எழுதியிருந்தது: விதைக் கம்பெனியின் பெயர், விவசாயி மாயவன், பரப்பு இருபது சென்ட், நடவு பிப்ரவரி பதினெட்டு. முந்தின நாள் சாயங்காலம் நவநீதன் பைக்கில் வந்து, போர்டைச் சோப்புப் போட்டுக் கழுவி வைக்கச் சொல்லிவிட்டுப் போனான். மாயவன் மனைவி பானுமதி கழுவினாள். அந்தத் தேதி இருந்த இடத்தை மட்டும் அவள் தேங்காய் நார் போட்டு அழுத்தித் தேய்த்ததை மகள் காவியா பார்த்தாள். பெயிண்டு போகவில்லை.

மே மாதம் பதின்மூன்று. அக்னி நட்சத்திரம். காலை எட்டு மணிக்கே மாரண்டஹள்ளி ரோட்டில் கானல் ஓடியது. பழுத்த தக்காளி செடியிலேயே வெடித்து, வெடிப்பில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது. நான்கு நாளாகப் பறிக்கவில்லை. பறிக்கக் கூடாது என்று நவநீதன் உத்தரவு. வருகிறவர்கள் கண்ணுக்குச் சிவப்பாகத் தெரிய வேண்டுமாம். பாலக்கோடு மார்க்கெட்டில் அந்த வாரம்தான் விலை கொஞ்சம் நிமிர்ந்திருந்தது. இருபது கிரேட் பெட்டி நிறையப் பழம் செடியில் வெந்தது. அதை வாய்விட்டுக் கேட்க அந்த வீட்டில் யாருக்கும் வாய் வரவில்லை.

நவநீதன் அந்த விதைக் கம்பெனியின் ஃபீல்டு ஆபீசர். பானுமதிக்குத் தூரத்து உறவில் தம்பி முறை. காவியாவுக்கு மாமா. மும்பையிலிருந்து ஃபண்டு கம்பெனிக்காரர்கள் வருகிறார்கள் என்று அவன் சொன்னபோது, மாயவன் வேப்பங்குச்சியை வாயில் வைத்துக்கொண்டே விசாரித்தார்.

“எத்தன கிரேட் எடுப்பாங்க?”

“தக்காளி வாங்க மாட்டாங்க மாமா. கம்பெனியையே கொஞ்சம் வாங்குவாங்க. பங்கு. ஊர்ல இருக்கிறவங்க மாசாமாசம் கட்டுற பணமெல்லாம் இவங்ககிட்ட சேருது. வாத்தியாரு, கண்டக்டரு, அமெரிக்காவுல இருக்கிறவன்னு எல்லார் பணமும். இவங்க அத நல்ல கம்பெனியா பாத்துப் போட்டு வளத்துக் குடுப்பாங்க. சில ஃபண்டுக்காரங்க லிஸ்ட்ட வெச்சிக்கிட்டு அப்படியே வாங்கிட்டுப் போயிருவாங்க. இவங்க அப்படியில்ல, நேர்ல வந்து கண்ணால பாத்துத்தான் வாங்குவாங்க. அதுக்குத்தான் அவங்களுக்குக் கூலி.”

“அப்ப பொண்ணு பாக்க வராங்கன்னு சொல்லு.”

“அப்படியே வெச்சிக்கங்க.”

“பஜ்ஜி போடணுமா?”

நவநீதன் சிரித்தான். எதுவும் போட வேண்டாம், நாற்பது நிமிஷம்தான் இருப்பார்கள், இளநீர் தானே கொண்டு வருவதாகச் சொன்னான். பிறகு காவியாவைப் பார்த்து, அவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போன மறுவாரம் கம்பெனியின் ஓசூர் லேபில் அவளுக்கு வேலைக்கு ஆர்டர் ரெடி என்றான்.

காவியா பி.எஸ்சி. தாவரவியல். நடவின்போதும் அதற்குப் பிறகு இரண்டு மாதமும் சேலத்தில் ஹாஸ்டலில் இருந்தாள். ஏப்ரல் கடைசியில் பரீட்சை எழுதிவிட்டு வந்தபோது தோட்டம் இடுப்பளவு நின்றது. நான்கு பேர் சேர்ந்தாற்போல் எதிரில் நின்றால் அவளுக்குத் தொண்டை அடைத்துவிடும். வாய்மொழித் தேர்வில் எல்லா விடையும் தெரிந்தும் ஒரு வார்த்தை வராமல் நின்றவளை மேடம் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்தார்கள். அப்படிப்பட்டவளுக்கு மைக்ரோஸ்கோப்போடு மட்டும் பேசினால் போதும் என்கிற வேலை. தன் மார்க்குக்குக் கிடைத்தது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

ஆனால் ஒரு கேள்வி அவளைக் குடைந்துகொண்டிருந்தது. அந்த ஊரிலும் சுற்றுவட்டத்திலும் அதே விதையை நட்ட மற்ற முப்பத்தொரு வீட்டில் முப்பத்தொன்றும் போய்விட்டது. சுருட்டை நோயே வராது என்று சொல்லி விற்ற விதை. நட்டுப் பதினைந்தாம் நாள் நுனி சுருண்டு, இருபதாம் நாள் மஞ்சளாகி, பூப்பூக்காமலே நின்றுவிட்டது. இவர்கள் தோட்டம் மட்டும் தழைத்தது. வரப்புக்கு அந்தாண்டை சென்னப்பனும் செல்லியும் குத்தகைக்கு எடுத்த ஒரு ஏக்கர். அதே செம்மண். அதே கிணற்றுத் தண்ணீர், முறை வைத்துப் பாய்ச்சுவது. இந்தாண்டை பச்சை, அந்தாண்டை குச்சி. இது எப்படி என்று காவியா நோட்டில் எழுதி எழுதிப் பார்த்தாள். காற்று, நிழல், மண்ணில் உப்பு. எதுவும் பொருந்தவில்லை. அம்மாவிடம் கேட்டாள். “வேலையப் பாரு” என்றாள் பானுமதி.

போன வாரம் செல்லி வந்திருந்தாள். கம்பெனியிலிருந்து தபாலில் வந்த கடிதத்தை மடித்து இடுப்பில் செருகியிருந்தாள். முப்பத்தொரு வீட்டாரும் சேர்ந்து நஷ்டஈடு கேட்டு எழுதியதற்குப் பதில். “நீ படிச்ச பாப்பா, படிச்சிச் சொல்லு” என்று நீட்டினாள். காவியா படித்தாள். அதே கிராமத்தில் அதே ரகத்தை நடவு செய்த திரு. மாயவன் அவர்களின் தோட்டத்தில் பயிர் செழிப்பாக இருப்பதால், குறை விதையில் இல்லை, பராமரிப்பில் உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறோம்.

உள்ளே களி கிண்டிக்கொண்டிருந்த பானுமதியின் துடுப்புச் சத்தம் நின்றது.

“பராமரிப்புன்னா?” என்றாள் செல்லி.

“பாத்துக்கிறதுதான், அக்கா.”

“அப்ப நாங்க பாத்துக்கலையாமா?” செல்லி குரலை உயர்த்தவில்லை. “எம் பொண்ணு சோபனாவுக்குக் காய்ச்சல் வந்து பாலக்கோடு ஆஸ்பத்திரியில போட்டாங்க. அவங்கப்பன அனுப்பிட்டு நான் செடிகிட்ட இருந்தேன். பெத்த புள்ளய வுட்டுட்டு. மருந்து அடிச்சி அடிச்சி கையெல்லாம் தோலு உரிஞ்சிது. இதுக்குப் பேரு பராமரிக்கலையா?”

காவியா கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தாள். செல்லி உள்பக்கம் பார்த்துக் கேட்டாள்.

“யக்கா, நீங்களும் போன குழிக்கு மறு நாத்து நட்டீங்க, நானும் நட்டேன். ரெண்டு பேரும் ஒரே நேரத்துலதான குனிஞ்சிக்கிட்டு இருந்தோம். நவநீதன் குடுத்த நாத்துதான். உங்களுக்கு மட்டும் எந்தச் சாமி வந்து தண்ணி ஊத்திச்சி?”

பானுமதி வெளியே வந்தாள். தட்டில் ஒரு உருண்டைக் களியும் கீரைக் கடைசலும் வைத்து நீட்டினாள். செல்லி தட்டைப் பார்த்தாள்.

“சாப்ட்டேங்க்கா” என்றாள். கடிதத்தை மடித்துச் செருகிக்கொண்டு போய்விட்டாள். பத்து வருஷமாக ஒரே கிணற்றில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்கள். இந்த வீட்டுச் சோற்றைச் செல்லி வேண்டாம் என்று சொல்லிக் காவியா பார்த்ததில்லை. அந்தக் களியைப் பானுமதி மாட்டுத் தொட்டியில் போட்டாள். அவளும் அன்றைக்குச் சாப்பிடவில்லை.

ஃபண்டுக்காரர்கள் வருகிற அன்று காலை நவநீதன் ஏழு மணிக்கே வந்துவிட்டான். இரண்டு ஆட்களை வைத்து வரப்பு நெடுக மூங்கில் நட்டு, நர்சரிக்குக் கட்டுகிற பச்சை வலையை ஆள் உயரத்துக்கு இழுத்துக் கட்டினான். செல்லியின் காடு மறைந்தது. மாயவனுக்கே பொறுக்கவில்லை. என்னாத்துக்கு இது என்று கேட்டார். காற்று மறைப்பு என்றான் நவநீதன். வலைக்கு அந்தாண்டை, காய்ந்த தக்காளிக் குச்சியைப் பிடுங்கி வெள்ளாட்டுக்குப் போட்டுக்கொண்டிருந்த செல்லி நிமிர்ந்து பார்த்தாள். மறுபடி குச்சி பிடுங்கக் குனிந்தாள். ஒருத்தியின் நஷ்டத்தை அவள் எதிரிலேயே துணி போட்டு மூடினார்கள். அவளிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“பாப்பா, நீ பேசாத” என்றான் நவநீதன் காவியாவிடம். “இங்கிலீஷெல்லாம் நான் பாத்துக்கிறேன். உனக்கு நாலு பேரப் பாத்தா வேர்த்து ஊத்தும்னு அக்கா சொன்னாங்க. நல்ல சுடிதாரா போட்டுக்கிட்டு ஓரமா நில்லு. அக்கா, உங்களக் கேட்டா ரெண்டே வார்த்த. நல்லாயிருக்குது, அவ்ளோதான்.”

பதினொன்றரைக்கு வெள்ளைக் கார் வந்தது. இரண்டு பேர் இறங்கினார்கள். ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர், முழுக்கைச் சட்டை, தொப்பி. கண்ணாடி போட்ட ஒரு பெண், முப்பது இருக்கும், கையில் நோட்டு. அந்தப் பெண் இறங்கியதும் செருப்பைக் கழற்றிக் காரிலேயே போட்டுவிட்டு பூட்ஸ் மாட்டிக்கொண்டாள். பழகினவள் என்று காவியாவுக்குத் தோன்றியது. தொப்பி போட்டவர் மாயவன் வெட்டிக் கொடுத்த இளநீரை வாங்கிக்கொண்டு புங்க மரத்து நிழலுக்குப் போனார். அவள் நேராகச் செடிக்குள் நுழைந்தாள். இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடித்தண்டைத் தொட்டுப் பார்த்தாள். ஒரு பழத்தைப் பறித்து அமுக்கினாள். சாறு முழங்கை வரை வழிந்தது. ஏன் இவ்வளவு கனியவிட்டிருக்கிறீர்கள் என்று இங்கிலீஷில் கேட்டாள். விதைக்காக விட்டிருக்கிறோம் என்றான் நவநீதன். வீரிய ரகத்தில் யாரும் விதை எடுப்பதில்லை. காவியாவுக்குத் தெரியும். அந்தப் பெண்ணுக்கும் தெரிந்திருக்க வேண்டும், அவனை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தாள்.

பானுமதியைக் காட்டி, இந்த விதை இவருக்குப் பிடித்திருக்கிறதா என்று கேட்கச் சொன்னாள். நவநீதன் கேட்டான்.

“நல்லாத்தாங்க இருக்குது” என்றாள் பானுமதி, தரையைப் பார்த்து.

நவநீதன் அதை இங்கிலீஷில் நீட்டினான். வருமானம் இரண்டு மடங்காகிவிட்டதாம். இனி வேறு விதையைத் தொடவே மாட்டாராம். மகளை இந்தப் பணத்தில்தான் படிக்க வைத்தாராம். நட்டு எண்பத்து நான்கு நாளான தோட்டம், மூன்று வருஷப் படிப்புக்குப் பீஸ் கட்டிவிட்டது. காவியா கேட்டுக்கொண்டு நின்றாள். பானுமதி எதுவும் விளங்காமல் தலையாட்டினாள்.

வலைக்கு அந்தப் பக்கம் என்ன என்று அந்தப் பெண் கேட்டாள். தரிசு என்றான் அவன். சொல்லி வாய் மூடவில்லை, வலைக்கு அடியில் மூக்கை நுழைத்து ஒரு வெள்ளாடு இந்தாண்டை வந்தது. வாயில் தக்காளிக் குச்சி. முடிச்சுக் கயிறு இன்னும் அந்தக் குச்சியில் தொங்கியது. அந்தாண்டையிலிருந்து செல்லி ஆட்டைக் கூப்பிட்டாள். நவநீதன் ஆட்டை உதைத்து அனுப்பினான்.

வயலின் கடைசி வரிசையில், புங்க மரத்தை ஒட்டி, ஏழு செடி நின்றது. முழங்கால் உயரம். இலை சுருண்டு கொழுக்கட்டை மாதிரி. காய் கிடையாது. கயிறு மட்டும் மற்றச் செடிகளுக்குப் போலவே ஒழுங்காகக் கட்டியிருந்தது. அந்தப் பெண் அங்கே போய்க் குனிந்தாள்.

இவை என்ன?

நவநீதன் யோசிக்கவே இல்லை. அது வேறு கம்பெனி விதை மேடம், ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக இந்த விவசாயி கொஞ்சம் நட்டார், வித்தியாசத்தை நீங்களே பாருங்கள் என்றான். தொப்பிக்காரர் மரத்தடியிலிருந்து எட்டிப் பார்த்து, சபாஷ் என்பது போல் கட்டை விரலை உயர்த்தினார். அவள் செல்போனில் படம் எடுத்தாள்.

காவியா அம்மா பக்கம் நகர்ந்தாள். “அம்மா, அந்த ஏழு செடி வேற கம்பெனியா?”

“யாரு சொன்னா?”

“மாமா அவங்ககிட்ட அப்படித்தான் சொல்றாரு.”

பானுமதி திரும்பி நவநீதனைப் பார்த்தாள். வெயில் முகத்துக்கு நேராக இருந்தும் கண்ணைச் சுருக்காமல் பார்த்தாள். கையிலிருந்த காலி கிரேட்டின் பிடியை இறுக்கிக்கொண்டாள்.

நாற்பது நிமிஷத்தில் முப்பது போய்விட்டது. டிரைவர் ஏசியைப் போட்டுவிட்டார். தொப்பிக்காரர் காரை நோக்கி நடந்தார். அந்தப் பெண் மட்டும் போர்டின் முன் நின்றுவிட்டாள். விரலால் எண்ணினாள். பிப்ரவரியில் பத்து. மார்ச். ஏப்ரல். மே பதின்மூன்று. எண்பத்து நான்கு என்று வாய்விட்டுச் சொன்னாள். முதல் பறிப்பு எப்போது என்று பானுமதியைக் கேட்கச் சொன்னாள்.

இதை நவநீதன் எதிர்பார்க்கவில்லை. சும்மா கேட்டான். “எப்பக்கா மொதப் பறி?”

“இன்னியோட ஏழு நாளாச்சி.”

பானுமதி விரல்களாலேயே அந்த ‘ஏழு’ நாளைக் காட்டினாள். மறைக்க வழியில்லை. அப்படியானால் எழுபத்தேழாம் நாள், உங்கள் கம்பெனிப் புத்தகத்தில் அறுபது நாள் என்று போட்டிருக்கிறதே, பதினேழு நாள் எங்கே போயிற்று என்று கேட்டாள் அந்தப் பெண். கோபமாகக் கேட்கவில்லை. கணக்கு வாத்தியார் கேட்பது போல் கேட்டாள்.

நவநீதன் தலையைச் சொறிந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, வீட்டு விஷயம் சொல்கிறவன் போல இங்கிலீஷில் சொன்னான். விதையில் குறை இல்லை மேடம். இந்த ஆட்கள் இப்படித்தான். சொன்ன நாளில் உரம் வைக்க மாட்டார்கள், தண்ணீர் விட மாட்டார்கள். இந்தம்மா கொஞ்சம் சோம்பல். பராமரிப்பு போதாது. நல்ல விவசாயி கையில் அறுபதே நாள்.

அந்தப் பெண் தலையாட்டிக்கொண்டே நோட்டில் எழுதினாள். காவியா நின்ற இடத்திலிருந்து அந்த எழுத்து தெரிந்தது. விவசாயி, பராமரிப்பு, பதினேழு நாள். நாளைக்கு இது மும்பைக்குப் போகும். யாரோ வாத்தியாருடைய பணமும் கண்டக்டருடைய பணமும் இதை நம்பிக் கம்பெனிக்குள் போகும். அந்தப் பணத்தில் கம்பெனி இன்னும் ஆயிரம் ஊருக்கு இந்த விதையைக் கொண்டுபோகும். அங்கேயும் நுனி சுருளும். அங்கேயும் யாராவது ஒரு செல்லிக்குத் தபால் வரும்.

“என்னாடி சொல்றான்?” என்றாள் பானுமதி.

தமிழில்தான் சொல்ல வேண்டும், அம்மாவிடம்தான் சொல்ல வேண்டும், அதற்கே காவியா திணறினாள்.

“பதினேழு நாள் லேட்டாம்மா. நீ சோம்பேறியாம். சரியா பராமரிக்கலையாம்.”

பானுமதி கிரேட்டைக் கீழே வைத்தாள்.

மூன்று மணிக்கு எழுந்து மாட்டைக் கவனித்து, ஐந்து மணிக்குத் தோட்டத்தில் குனிந்தால் வெயில் ஏறித்தான் நிமிர்கிறவள். ஆயிரத்துச் சொச்சம் செடிக்கும் குச்சி நட்டு, நான்கு தடவை கயிறு கட்டியவள். அவள் இடுப்பில் எப்போதும் பிளாஸ்டர் ஒட்டியிருக்கும். அவளுக்குத் தெரிந்த கெட்ட வார்த்தைகளிலேயே பெரியது சோம்பேறி.

“தாமசமா?” என்றாள். “நவநீதா, நான் நட்டு அம்பத்தெட்டாம் நாள் காய் எடுத்தேன். உன் புஸ்தகத்த வுட ரெண்டு நாளு முன்னாடி.”

“யக்கா. இப்ப எதுக்கு.”

“இப்பத்தான். உன் நாத்து செத்து செத்து வுழுந்திச்சி. குழி சும்மா கெடந்தா எனக்குச் சோறு எறங்காது. பத்தொம்பதாம் நாள் மாரண்டஹள்ளி நர்சரிக்குப் போனேன். அவன் மீந்து போச்சின்னு வேற வெதை நாத்து பன்னெண்டு ட்ரே பாதி வெலைக்குக் குடுத்தான். செத்த குழி ஒவ்வொண்ணுலயும் நட்டேன், உசுரு இருந்தத மட்டும் புடுங்கல. மறு வாரமே உன்கிட்டச் சொன்னேனா இல்லியா? நீதான், இருக்கட்டும்க்கா, வாயத் தொறக்காதீங்க, பாப்பாவுக்கு லேப்புல வேலைன்ன. பொண்ண நெனச்சி வாய மூடிக்கிட்டேன். அதுக்கு நீ என் வூட்டுக்காரரு பேரப் போட்டு முப்பத்தொரு வூட்டுக்குத் தபால் அனுப்புவியா?”

அம்மா அவனிடம் பேசவில்லை என்பது அப்போதுதான் காவியாவுக்குத் தெரிந்தது. முகம் வலைப் பக்கம் திரும்பியிருந்தது. வலைக்குப் பின்னால் ஒரு உருவம் அசையாமல் நின்றது. ஆடு கத்தியது. உருவம் ஆட்டைக் கூப்பிடவில்லை.

“செல்லி, கேட்டுக்கோ” என்றாள் பானுமதி. “நீ ஒழுங்காத்தான் பாத்துக்கிட்ட.”

அந்தப் பெண் பேனாவை மூடாமல் ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தாள். என்ன சொல்கிறார்கள் என்று கேட்டாள்.

மார்க்கெட்டில் விலை இல்லை என்று வருத்தப்படுகிறார் மேடம், கிராமத்து ஆட்கள் சத்தமாகத்தான் பேசுவார்கள் என்றான் நவநீதன். காரைப் பார்த்துக் கையைக் காட்டினான். நேரமாகிறது.

அந்தப் பெண் அவனைப் பார்க்கவில்லை. ஓரமாக நின்ற சுடிதார்ப் பெண்ணைப் பார்த்தாள். இவள் வேர்த்து நனைந்திருப்பதையும், இங்கிலீஷ் பேசப்பட்ட போதெல்லாம் இவள் கண் மாறியதையும் கவனித்திருந்தாள் போலிருக்கிறது. “அவங்க சொன்னது அதுதானா?” என்று மெதுவான இங்கிலீஷில் காவியாவையே கேட்டாள்.

நவநீதன் சிரித்த முகத்தோடு தமிழில் சொன்னான், “பாப்பா, ஆர்டர் டைப் ஆயி இருக்குது.”

ஓசூர் லேப், வெள்ளைக் கோட்டு, மைக்ரோஸ்கோப். தன் மார்க்குக்குக் கிடைத்தது என்று காவியா நினைத்திருந்தது. வாய்மொழித் தேர்வு போல நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. இந்தத் தடவை தண்ணீர் கொடுக்க மேடம் யாரும் இல்லை. அவள் கையை நீட்டிப் புங்க மரத்தடியைக் காட்டினாள். பிறகு இங்கிலீஷில், ஒவ்வொரு சொல்லாக, வலைக்கு அந்தாண்டையும் கேட்கும்படி சொன்னாள்.

“இல்லை. இந்தத் தோட்டத்தில் இவர்கள் விதையில் முளைத்தது அந்த ஏழு செடி மட்டும்தான்.”